எல்லா ஒயரும் கறுப்பு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாலி கட்டியவன் ஓடிப்போய்விட்டான். இப்போது அவள் வெறும் ஒயர் அக்கா.

அந்தப் பெயரை வைத்தவர் அவள் தம்பியின் இசைக்குழுவின் டிரம்ஸ்காரர். வயதில் அவளுக்கு மூத்தவர்தான். இருந்தாலும், "ஒயர் அக்கா, எனக்கும் ஒரு ஒயரைச் சொருகி விடுங்க. காலையிலேருந்து ஒரே மந்தமா இருக்கு" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மண்டியிடுவாள். மேடையில் அவள் இடம் எப்போதும் தரைதான்.

அவளுடைய தம்பி கித்தார் வாசிப்பவன். ஓட்டல்களில், வரவேற்புகளில், கடைத் திறப்பு விழாக்களில் வாசித்துத்தான் அந்த வீடு நடந்தது. அவன் காலடியில் ஒரு பலகை கிடக்கும். அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். பெடல் என்பார்கள். ஒன்றை மிதித்தால் கித்தார் அழும், இன்னொன்றை மிதித்தால் மலைமேல் நின்று கூப்பிட்டதுபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவற்றுக்கு அவள் தன் வசதிக்குப் பெயர் வைத்திருந்தாள். அழுமூஞ்சி, எதிரொலி, குகை, ரவுடி. எல்லோருக்கும் முன்னால், கித்தாரின் ஒயர் முதலில் போய் நுழைகிற பழைய தவிட்டு நிறப் பெட்டிக்குக் கிழவன் என்று பெயர்.

மிதிப்பது தம்பியின் வேலை. அவற்றுக்கு மின்சாரம் ஊட்டுவது அவள் வேலை.

கேட்பதற்கு என்ன பெரிய வேலை என்று தோன்றும். அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. கணவன் போன பிறகு ஒரே ஒரு துணிப்பெட்டியோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள், பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். ஒரு கடுஞ்சொல் இல்லை. முகச்சுளிப்பு இல்லை. அதுதான் அவளை அதிகம் வாட்டியது. திட்டினால் திருப்பிச் சொல்லலாம். நன்றாக நடத்துகிறவர்கள் வீட்டில் நடுக்கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, அவர்கள் டிவியை அணைக்கும்வரை தூக்கத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறவளுக்கு எதன் மேல் கோபப்பட உரிமை இருக்கிறது?

அந்த நாட்களில்தான் தம்பி ஒரு பெடலைக் கருக்கினான். அதன் அடாப்டர் காணாமல்போகவே, பழைய ரேடியோவின் அடாப்டரை எடுத்துச் சொருகினான். முனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திவிட்டால் போதுமா? வெளியில் பொருத்தமாகத் தெரிந்து உள்ளே நாசமாய்ப் போனதை அவளும் தன் வாழ்க்கையில் பார்த்தவள்தானே! ஒரு நொடி வெளிச்சம், பிறகு புகை, வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். தம்பி தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளையைப்போல் அழுதான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். பெடலின் அடியில் பொடி எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். நடுவில் கழித்தல், வெளியே கூட்டல். ரேடியோ அடாப்டரில் அதே படம் தலைகீழாக இருந்தது.

"இங்க பாருடா, இது மாறி இருக்கு."

தம்பி பார்க்கவில்லை. "இனிமே இதையெல்லாம் நான் தொடவே மாட்டேன். இது உன் பொறுப்புக்கா" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உன் பொறுப்பு! அந்த வீட்டில் தனக்கென்று ஓர் அறையைத் திறந்துவிட்டதைப்போல் இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு அவள் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. பழைய அலமாரித் தட்டை அறுத்துப் பலகை செய்தாள். பெட்டிகளை ஒட்டினாள். சுவரெல்லாம் தொங்கிய அடாப்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்சாரம் தரும் ஒரே பெட்டியைத் தேடிப் பிடித்தாள். அதில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓர் அளவு. எதிரொலி பெருந்தீனிக்காரி, சின்ன ஓட்டையில் சொருகினால் பசியில் கண் சிமிட்டிவிட்டு மயங்கிவிடுவாள். ரவுடிக்கு இரண்டு மடங்கு வோல்ட் வேண்டும், அந்த ஓட்டையில் வேறு யாரைச் சொருகினாலும் மறுபடியும் புகைதான். கித்தாரின் சத்தம் ஓடுகிற ஒயரும் மின்சாரம் ஓடுகிற ஒயரும் உரசிக்கொண்டு கிடந்தால் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். அவள் காதைத் தரையில் வைத்து அந்த இரைச்சலைத் துரத்துவாள். இந்த ஒயரை இப்படி ஒதுக்கி, அந்த ஒயரை அப்படி வளைத்து, அமைதி வரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

கிழவன் கதை தனி. அந்தக் காலத்துப் பெடல். கூட்டல் கழித்தல் அவன் வயிற்றுக்குள்ளேயே தலைகீழ். மற்றவர்களோடு ஒரே மின்சாரத்தில் கை கோத்தால் தானும் விழுந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு விழுவான். அதனால் அவனுக்கு மட்டும் தனியாக ஒரு பேட்டரி. அதிலும் ஒரு சங்கடம்: அவன் விளக்கை அணைத்தாலும், கித்தார் ஒயர் அவன் காதில் சொருகிக் கிடக்கிறவரை அவன் தூங்குவதில்லை, பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருப்பான். வாசித்து முடித்ததும் அந்த ஒயரை உருவி எடுப்பது அவள்தான். தம்பி அதைக் கவனித்ததுகூட இல்லை.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு பகல்வேளையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் ஒரு காரியம் செய்தாள். மின்சாரப் பெட்டியின் ஓட்டைகளுக்கு மேலே அச்சடித்திருந்த எழுத்துகளை ஒரு பிளேடால் சுரண்டி எடுத்தாள். கூடவே வந்த நிற நிறமான ஒயர்களை மூட்டை கட்டிவிட்டு, ஒரே நீளத்தில் ஒரே கறுப்பில் புது ஒயர்கள் போட்டாள்.

ஏன் செய்தாள்? எழுத்து இருந்தால் யாரும் படித்துவிடலாம். யாரும் படித்துவிட்டால் அவள் எதற்கு அந்த வீட்டில்?

பெண்ணே, அன்றைக்கு நீ சுரண்டியது எழுத்தையா, உன் தலையெழுத்தையா!

அதன்பிறகு அவளால் அந்தப் பலகையைவிட்டு நகர முடியவில்லை. காய்ச்சலோடு மேடைக்குப் போனாள். தோழி மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, அன்றைக்கு இரண்டு நிகழ்ச்சி. எந்த ஓட்டலானாலும் சமையலறைக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவள். பரிமாறுகிறவர்கள் தட்டுகளோடு அவள் முழங்காலை இடித்துக்கொண்டு போவார்கள். ஊரே கைதட்டும்போது அவள் பார்வை மட்டும் பெட்டிகளின் சிவப்பு விளக்குகள் மேல் இருக்கும். அவை எரிகிறவரை அவளுக்குச் சோறு.

வாழ்க்கை இப்படியே போயிருக்கும். ஆனால் சாமான் வாங்கப் போன இடத்தில், பக்கத்து ஊர் இசைக்கருவிக் கடைக்கார அம்மா அவளைப் பார்த்தார். அறுந்த ஒயர் ஒன்றை அவள் அங்கேயே ஈயம் வைத்து ஒட்டியதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "என் கடையில பழுதுபார்க்க உக்காந்துக்கிறியா? மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஜன்னல் இருக்கு, தனியா பாத்ரூம் இருக்கு" என்றார்.

தனியாக ஒரு ரூம்! வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் அந்த ஜன்னலையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த அம்மா கெட்டிக்காரி. "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள வந்து சாவியை வாங்கிக்கணும். நான் அன்னிக்கு ராத்திரியே வெளியூர் போறேன். வரலேன்னா கேட்டுக்கிட்டு இருக்கிற இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

தம்பியிடம் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "போயிட்டு எப்ப வருவே?" என்று கேட்டான்.

"வேலைக்குடா. அங்கேயே இருக்கப் போறேன்."

"அப்ப பலகை?"

அக்காவுக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. பலகைக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்டான்! "உனக்குச் சொல்லித் தரேன், உக்காரு" என்றாள். உட்கார்ந்தான். இரண்டு ஒயரைக் காட்டுவதற்குள் கொட்டாவி விட்டான். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று எழுந்து போய்விட்டான்.

தம்பி மனைவியிடம் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை மேலே தூக்கிவிட்டாள்.

"ஐயோ அக்கா, என்னை விட்டுடுங்க. நான் கத்துக்கிட்டேன்னு வைங்க, நாளைக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில நான்தான் உக்காரணும். உங்களைப் பாத்துப் பாத்துத்தான் நான் புத்திசாலி ஆனேன்."

"ஏம்மா, உன் புருஷனுக்குத்தானே?"

"என் புருஷனுக்கு நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், அவர் வாசிக்கிறதையும் உக்காந்து கேக்குறேன். போதாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை வீட்டில் ஒத்திகை முடிந்ததும் அவள் பலகையின் முன் உட்கார்ந்தாள். ஒயர்களில் அடையாளம் போட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு துண்டு பேப்பர், கொஞ்சம் டேப். கை போனது, நின்றுவிட்டது. அந்தக் கடை சரிப்படாவிட்டால்? அந்த அம்மா ஒருநாள் போ என்றுவிட்டால்? திரும்பி வர ஒரு வாசல் வேண்டாமா? அந்த வாசலின் சாவி இந்தக் கறுப்பு ஒயர்கள்தானே! அவள் எழுந்துவிட்டாள். கலங்கின கண்ணோடு பெட்டியில் புடவைகளை அடுக்கப் போனாள். அந்தக் கலக்கத்தில், இத்தனை காலத்தில் ஒருநாளும் மறக்காததை அன்று மறந்தாள். கிழவனின் காதிலிருந்து ஒயரை உருவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டலில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிப்பு. கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பலகையை மேடையில் வைத்து, எல்லாம் சொருகியே இருப்பதைக் காட்டினாள். "சுவர்ல இந்த ஒரு பிளக். அதைப் போடு, அவ்வளவுதான். வேற எதையும் தொடாதே" என்றாள். தம்பி தலையாட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. போன் அடித்தது.

"அக்கா! எல்லாம் செத்துப்போச்சுக்கா!"

"என்னடா ஆச்சு? நிதானமா சொல்லு."

"கிழவன் எரியல. சும்மா ஒரு ஒயர் தொங்கிச்சு, அது நுழையற மாதிரி அவன்கிட்டயும் ஒரு ஓட்டை இருந்துச்சு, சொருகினேன். பட்டுன்னு எல்லா விளக்கும் போயிடுச்சு."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உருவாத ஒயர், தீர்ந்த பேட்டரி, எல்லோரையும் இழுத்துக்கொண்டு விழுந்த கிழவன். "ஒண்ணும் கெட்டுப்போகலடா. இப்ப சொருகினியே, அதை மட்டும் உருவிடு, எல்லாம் உயிர் வந்துடும்."

அந்தப் பக்கம் யாரோ அதட்டுவது கேட்டது.

"டேய்?"

"எல்லாத்தையும் புடுங்கிட்டேன்க்கா. கருகிடுமோன்னு பயத்துல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது எதுலன்னு தெரியல. மேனேஜர் வந்து தலை மேல நிக்கிறார். அக்கா... நீ வாக்கா."

கித்தாரை நேராக ஸ்பீக்கரில் போட்டு வாசி என்று சொல்லலாம். சொன்னாள். முதல் பாட்டே எதிரொலியில் தொடங்குகிறது, பாடகி அதைப் பிடித்துக்கொண்டுதான் பாட ஆரம்பிக்க வேண்டும் என்றான். எந்த ஓட்டையில் எது என்று போனில் சொல்லலாம். ஆனால் எழுத்தில்லாத ஓட்டைகளை எப்படிச் சொல்வது? இடமிருந்து எண்ணு என்றால் தம்பி எந்தப் பக்கம் நின்று எண்ணுவான்? ஒன்று தப்பினால் ரவுடியின் ஓட்டையில் எதிரொலி. புகை.

கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள். "இறங்கணும்."

"இப்பதானேம்மா ஏறினீங்க?"

"ஆமா. இப்பதான் ஏறினேன்" என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்க, பெட்டியும் கையுமாக ஓடிவந்து மேடையில் மண்டியிட்டாள். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். தம்பி குனிந்து, நிம்மதியாக மூச்சு விட்டு, "வந்துட்டியா. தெரியும், நீ வருவேன்னு" என்றான்.

கத்தியால் குத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பாசத்தோடுதான் சொன்னான், பாவி! சிறைக் கதவைப் பாசத்தோடு சாத்தினால் அது சிறை இல்லையா?

அவள் கை நீண்டது. ஆனால் அதற்குள் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி. முன்வரிசை மேஜையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். மின்சாரப் பெட்டியைத் திருப்பி, சுரண்டின இடத்தை விரலால் தடவினாள்.

"அந்த பிளேடு என்னோடது அக்கா. மொக்கையாகி இருந்தப்பவே தெரியும்."

ஒயர் அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? நீங்க போக்கிடம் இல்லாம செஞ்சீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். இப்பத்தான் போக்கிடம் இருக்கே." கைப்பையைத் திறந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "நான் கத்துக்க மாட்டேன். அது வேற. ஆனா அவருக்குக் கண்ணு இருக்கு, புள்ளியைப் பாக்கத் தெரியும்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒயர் அக்கா புட்டியைத் திறந்தாள். அழுமூஞ்சியின் ஒயரில் ஒரு புள்ளி, அதன் ஓட்டைக்கு மேல் ஒரு புள்ளி. எதிரொலிக்கு இரண்டு, குகைக்கு மூன்று. ரவுடியின் முனை முழுக்கச் சிவப்பு, ஓட்டையைச் சுற்றிலும் சிவப்பு. கிழவனுக்குப் புது பேட்டரி போட்டு, அவன் ஓட்டையை டேப் வைத்து அடைத்தாள். அவசரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் வழிந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பயம் நெஞ்சில் எழுந்து நின்றது. எழுந்தாலும் அவள் நிறுத்தவில்லை.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது.

"இவ்வளவு சுலபமா?" என்றான். "இத்தனை காலம் என்னைக் குருடனா வெச்சிருந்தியா?"

"ஆமாடா."

"ஏன்?"

"நீ என்னை அனுப்பிடுவியோன்னு."

"நான் அனுப்புவேனா உன்னை!" அவன் குரல் உடைந்தது. உடனே கோபமாக மாறியது. "சரி, போ. போறவ திரும்பி வராதே. புள்ளி வெச்சிட்டே இல்ல, போ!"

அவள் எந்த வாசலுக்குப் பயந்தாளோ அது அவள் கண்ணெதிரே சாத்தப்பட்டது. பாடகி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. ஒயர்களைத் தரையிலேயே விட்டுவிட்டு, ஒன்றைக்கூடச் சொருகாமல் எழுந்தாள். சொருகிக்கொடுத்துவிட்டுப் போனால் இன்னொரு முறை பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தம்பி மனைவி வாசல்வரை வந்தாள். "அவர் சொன்னா சொல்லிட்டுப் போறார். அது எனக்கும்தான் வீடு. நீங்க எப்ப வந்தாலும் கதவைத் திறக்கிறது நான்தானே?" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பழக்கம் இல்லை. பெட்டியின் கைப்பிடியை இருவரும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். உள்ளேயிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. வெகு நேரம் கழித்து வந்த அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவரை அவள் காதில் அந்த மௌனமே கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்கார அம்மா கதவின் இரும்புத் திரையைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தார். "இன்னொருத்தருக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். உன் நல்ல நேரம், நம்பர் கிடைக்கல" என்று முறைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மேலே அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்தான் தெரிந்தது. அவள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலின் ஓரத்தில், விருந்துக்கு வந்தவளைப்போல உட்கார்ந்தாள். கூப்பிட்டால் ஓட வேண்டும் என்று கால் இன்னும் வாசல் பக்கமே திரும்பியிருந்தது.

போன் அடித்தது. தம்பி.

எடுத்தாள். அவன் பேசவில்லை. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. கித்தார் கேட்டது. எதிரொலி வந்தது. குகை வந்தது. அவற்றுக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சலும் வந்தது.

"நானே சொருகினேன். மதியமே வாசிச்சு முடிச்சாச்சு" என்றான், இன்னும் கோபம் தீராத குரலில். "ஆனா இரையுதுக்கா."

"ம். கேக்குது."

அவளுக்குத் தெரியும். எந்த ஒயர் எந்த ஒயரின் மேல் விழுந்து கிடக்கிறது என்று கண்ணை மூடினால் தெரிந்தது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு இன்னொரு போன் வரும், அதற்கு மறுநாள் இன்னொன்று வரும், ஒருநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்க வேண்டியிருக்கும்.

"எங்கேருந்துக்கா வருது?"

கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது.

"தேடுடா" என்றாள்.